பரிசைப் பகிர்வதும் வெற்றியை விற்பதும்

கடதாசிக் கட்டைப் பற்றி ஒரு குரு எழுதத் தொடங்கினால் சூதாட்டத்துக்கு எதிரான பிரசங்கம்தான் வரப்போகிறது என்று எண்ணி, அன்பான வாசகரே, பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். விளையாட்டிலும் ஒரு புண்ணியம் உண்டு என்று எழுதியவர் புனித தோமஸ் அக்குவினாஸ். 1992ஆம் ஆண்டு வெளிவந்த கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூலும் அதிர்ஷ்ட விளையாட்டுகள் தம்மளவில் நீதிக்கு மாறானவை என்று சொல்லவில்லை. தன்னுடையவும் பிறருடையவும் தேவைக்கு வேண்டியதைப் பறிக்கும்போதே அவை தகாதவையாகின்றன என்கிறது. ஆகவே முந்நூற்று நாலு ஆடும் பெரியப்பாமார் அஞ்சவேண்டியதில்லை. நான் கேட்க விரும்புவது வேறொன்று: வெல்லும் பரிசை எதிராளியுடன் பகிர்ந்துகொள்வது நல்ல காரியமா, கெட்ட காரியமா?

பகிர்வது நல்லதுதானே என்பீர்கள். அவசரப்பட வேண்டாம்.

1993ஆம் ஆண்டு றிச்சர்ட் கார்ஃபீல்ட் என்னும் அமெரிக்கக் கணிதவியலாளர் உருவாக்கிய 'மஜிக்: த கதறிங்' என்றொரு கடதாசி விளையாட்டு உண்டு. வெளிநாட்டில் வளரும் நம் பேரப்பிள்ளைகள் சிலருக்குத் தெரிந்திருக்கும். அதற்குப் பல நாடுகளில் சுற்றுப்போட்டிகள் நடக்கின்றன. பணப் பரிசும் உண்டு. அரையிறுதியில் இருவர் எதிரெதிரே அமர்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். "நம் இருவருக்கும் கிடைக்கப்போகும் பரிசு எதுவானாலும் சேர்த்துப் பாதி பாதியாக எடுத்துக்கொள்வோம், இப்போது விளையாடுவோம்" என்கிறான் ஒருவன். இதை விதி அனுமதிக்கிறது. "நீ எனக்கு விட்டுக்கொடு, என் பரிசில் பாதி உனக்கு" என்று அவனே சொல்லியிருந்தால் அது கைலஞ்சம். சொன்னவனும் இசைந்தவனும் போட்டியிலிருந்தே நீக்கப்படலாம். தாயக்கட்டை உருட்டி வெற்றியாளனைத் தீர்மானிப்பதற்கும் தண்டனை உண்டு. (மத்தியாவைச் சீட்டுப்போட்டுத் தெரிந்துகொண்ட அப்போஸ்தலர்களை அந்த நடுவர்கள் என்ன செய்திருப்பார்களோ!) கடைசி ஆட்டத்துக்கு மட்டும் ஒரு விலக்கு. இருவரும் இசைந்து பரிசைப் பிரித்துக்கொண்டு ஒருவர் விலகிவிடலாம்.

இளைஞர்கள் இதைக் கேட்டுச் சிரிப்பார்கள். இரண்டு வகையிலும் கைமாறுவது அதே பணம். வார்த்தையை மாற்றிச் சொன்னால் ஒன்று நட்பு, மற்றது குற்றமா? இது பரிசேயத்தனம் அன்றோ?

பணத்தை மட்டும் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். விளையாட்டுப் பணத்தை நியாயமாகப் பிரிப்பது எப்படி என்பது பழைய கேள்வி. பாதியில் நின்றுபோன ஆட்டத்தின் பந்தயத்தை எப்படிப் பங்கிடுவது என்று 1494இல் அச்சிட்ட தம் கணித நூலில் ஆராய்ந்தவர் லூக்கா பாச்சோலி என்னும் பிரான்சிஸ்கன் துறவி. 1556இல் அவரை மறுத்த தார்த்தாலியா, இது கணக்கனைவிட நீதிபதி தீர்க்கவேண்டிய வழக்கு என்றார். 1654இல் பாஸ்காலும் ஃபெர்மாவும் கடிதம் எழுதிக் கணக்கை முடித்துவைத்தார்கள். மூன்று ஆட்டம் முந்தி வெல்பவனுக்கு 64 காசு. ஒருவன் இரண்டும் மற்றவன் ஒன்றும் வென்ற நிலையில் ஆட்டம் நிற்கிறது. அடுத்ததில் தோற்றாலும் முன்னவனுக்குப் பாதி, அதாவது 32, உறுதி. மிகுதி 32க்கு இருவருக்கும் சமவாய்ப்பு. ஆகவே அவனுக்கு 48, மற்றவனுக்கு 16. அதே ஆண்டு நவம்பர் 23ஆம் நாள் இரவு இறையனுபவத்தில் ஆழ்ந்து, அதைக் குறித்த தாளைத் தம் அங்கியில் தைத்துவைத்திருந்தவரும் இதே பாஸ்கால்தான்.

எவ்வளவு என்பதைக் கணக்கு அழகாகச் சொல்லிவிட்டது. எதற்காக என்பதைச் சொல்லவில்லை. அங்கே தார்த்தாலியா சொன்ன நீதிபதிதான் வேண்டியிருக்கிறது.

இந்த வேறுபாட்டை அறிய நாம் வெகுதூரம் போகத் தேவையில்லை. நீங்கள் பூசைக் கருத்துக்குக் காணிக்கை கொடுக்கிறீர்கள், நானும் பெற்றுக்கொள்கிறேன். பூசைக்கு விலை இவ்வளவு என்று நான் பேரம்பேசினால் பணமும் அதுவே, பூசையும் அதுவே. ஆனால் நான் மந்திரவாதி சீமோனின் தம்பியாகிவிடுவேன். பூசைக் காணிக்கையில் வியாபாரத்தின் சாயல்கூட இருக்கலாகாது என்று திருச்சபைச் சட்டம் 947 கண்டிப்பாகக் கூறுவது, குருக்களும் மனிதர்கள் என்று அறிந்துதான். கொடை வேறு, விலை வேறு. பரிசில் பாதியைப் பெற்ற நண்பன் கொடையைப் பெற்றான். தோற்பதற்காகப் பெற்றவன், தனக்கு மட்டும் உரியதல்லாத ஒன்றை விற்றுவிட்டான். ஆட்டத்தின் முடிவு அவனுக்கு மட்டும் உரியதா? அதை நம்பி அடுத்த மேசையில் நேர்மையாக உழைத்துக்கொண்டிருப்பவனுக்கும் அதில் பங்கு உண்டு. கடைசி ஆட்டத்துக்கு விலக்கு அளித்ததன் நியாயமும் இதுவே என்று எண்ணுகிறேன். அங்கே பாதிக்கப்பட மூன்றாமவன் எவனும் மிஞ்சவில்லை.

விதியில் ஓட்டை இல்லையா? இருக்கிறது. இருவரும் நிபந்தனையின்றிப் பிரிக்க இசைகிறார்கள். சற்று நேரம் கழித்து ஒருவன், தானாக மனம்மாறியவன்போல, "நான் விட்டுக்கொடுக்கிறேன்" என்கிறான். வாய்விட்டு யாரும் பேரம் பேசவில்லை. ஒரு கண்சிமிட்டல் போதும். நடுவர் காது கொடுத்துக் கேட்கலாம், இருதயத்தைத் திறந்து பார்க்க முடியாது. அந்த இடத்தில் ஆட்டக்காரன் தன் மனச்சான்றோடு தனித்து விடப்படுகிறான். "நடுவர் ஒன்றும் சொல்லவில்லை" என்று பிள்ளை வீட்டுக்கு வந்து சொன்னால், பெற்றோரே, அதோடு விட்டுவிடாதீர்கள். "நீ ஏன் விட்டுக்கொடுத்தாய்?" என்று கேளுங்கள்.

என்னை உறுத்துகிற ஒன்று இன்னும் உண்டு. இந்தச் சுற்றுப்போட்டிகளில் தொடக்கச் சுற்றுகளின் புள்ளிகளைக் கூட்டி, பல இடங்களில் முதல் எட்டுப் பேரை அடுத்த கட்டத்துக்கு எடுக்கிறார்கள். கடைசிச் சுற்றில், சமநிலை கிடைத்தாலே இருவருக்கும் இடம் உறுதி என்றால், அவர்கள் விளையாடாமலே சமநிலை என்று எழுதிக் கொடுக்கலாம். இதற்காகப் பணமோ வேறு கைம்மாறோ பேசாதவரை விதி இதைத் தடுப்பதில்லை. அவர்கள் விளையாடியிருந்தால் தோற்றவனின் இடத்துக்கு வந்திருக்கக்கூடிய ஒன்பதாமவன், பையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போகிறான். யாரும் யாருக்கும் ஒரு சதம் கொடுக்கவில்லை. இது நீதிதானா? பொய் இல்லை, விற்பனை இல்லை என்று என் அறிவு சொல்கிறது. மனம் அந்தப் பையைத் தூக்கியவனோடேயே நடந்துபோகிறது. உங்கள் வீட்டில் இத்தகைய போட்டிகளில் ஆடியவர்கள் இருந்தால் அவர்களிடம் கேட்டு எனக்கு எழுதுங்கள்.