ஓதுவிப்போரும் ஓதுக



கற்பித்தலைத் தொழிலாகக் கொண்டாருட் பலர், ஆசிரிய தராதரப்பத்திரம் பெற்ற அன்றே தம் கல்வி நிறைவெய்தியதாகக் கருதிவிடுகின்றனர். பல வருடங்களுக்கு முன் எழுதிய பாடக்குறிப்பையே இன்றும் வாசித்து, பிள்ளைகளை மாத்திரம் படிக்குமாறு கண்டிக்கின்றனர். இது சைவநெறிக்குப் பொருந்துமா என்பதை ஆராய்வாம்.

அருணந்தி சிவாசாரியர் அருளிய சிவஞான சித்தியார், ஞானநூலை ஓதல், ஓதுவித்தல், பொருளைக் கேட்பித்தல், தான் கேட்டல், சிந்தித்தல் என்னும் ஐந்தனையும் ஞானபூசையாக வகுக்கின்றது. இவற்றுள் ஓதுவித்தலும் கேட்பித்தலும் ஆசிரியர்க்கு நாடோறும் வாய்ப்பன. எஞ்சிய மூன்றனையும் கைவிட்டார் செய்யும் பூசை, பூவும் நீருமின்றி மணியை மாத்திரம் அசைப்பதை ஒக்கும். வயது இதற்குத் தடையன்று. ஆணவ இருள் உயிரை மறைத்து நிற்குங்காறும் கற்றற்கு ஓய்வில்லை.

நிலாவெளி உப்பளங்களைக் கண்டார் இதனை எளிதில் உணர்வர். பாத்தியிலே கடல்நீரைப் பாய்ச்சி, வெயிலிற் காயவிட்டு, விளைந்த உப்பை வாருவர். வாரியபின் மீண்டும் நீர் பாய்ச்சாவிடின் அது வெறுந்தரையே. ஆசிரியர் உள்ளமும் அத்தகையது. தேவாரத்தின் பொருளை வினாவும் பிள்ளையை, "வினாவாதே, பாடமாக்கு" என அதட்டுதற்குக் காரணம் பெரும்பாலும் ஆசிரியர் கல்லாமையே. அன்று வாடிய அப்பிள்ளையின் ஆர்வம் பின்னர்த் தளிர்ப்பது அரிது. அந்நட்டம் சமயத்துக்கும் உரியதன்றோ?

இறுதிவரை கற்றமைக்கு விபுலாநந்த அடிகளே தக்க சான்றாவர். 1892இற் காரைதீவிற் பிறந்த அவர், ஆசிரியத் தொழிலிற் புகுந்த பின்னரே 1916இல் மதுரைத் தமிழ்ச் சங்கத்துப் பண்டிதப் பரீட்சையிலும், 1920இல் இலண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டப் பரீட்சையிலும் தேறினார். 1924இல் துறவு பூண்டு, திருக்கோணமலை இந்துக் கல்லூரியிலும் பணிபுரிந்தார். பட்டமும் பதவியும் வந்தபின்னும் கற்றலை நிறுத்தினாரல்லர். சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையையும் அதன் உரையையும், தாம் பயின்ற கணிதத்தின் துணைகொண்டு பல்லாண்டு ஆராய்ந்து, யாழ்நூலை இயற்றினார். 1947 யூன் மாதம் திருக்கொள்ளம்பூதூரில் அந்நூல் அரங்கேறியது; அடுத்த மாதமே அடிகள் இறைவனடி எய்தினார்.

குடும்பச் சுமையால் நேரமில்லை என்பார் உளர். அடிகளைப்போல் நூலியற்றுதல் எல்லார்க்கும் இயல்வதன்று. மாலை விளக்கேற்றியபின் அரைமணி நேரம் ஒரு பாடலை உரையோடு ஓதுதல் யாவர்க்கும் இயலும். வகுப்பிலே விடைகூற இயலாத வினாவைக் குறித்துவைத்து, வெள்ளிக்கிழமைதோறும் கோயில் மண்டபத்திற் கூடி, கற்றாரை வினாவித் தெளிக. தெளிந்ததை மறுநாளே அப்பிள்ளைக்கு உரைக்க. தம் ஆசிரியரும் கற்கின்றார் என்பதைக் காணும் பிள்ளை, ஏவாமலே கற்கும்.

மாதுமையம்மை உடனாய கோணேசப் பெருமான் இம்முயற்சிக்குத் திருவருள் புரிவாராக.

திருச்சிற்றம்பலம்.