குவோல் மறந்த பயம்

1935-இல் ஹவாயிலிருந்து சுமார் நூறு தேரைகளை ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்துக்குக் கொண்டுபோனார்கள். கரும்பை அழிக்கும் வண்டுகளை அவை தின்று தீர்க்கும் என்று கணக்கு. ஆனால் வண்டு கரும்பின் மேலே, தேரை தரையில். வண்டு பிழைத்தது, தேரை பெருகி மேற்கே பரவியது.

அந்த வழியில் வாழ்ந்தது வடக்குக் குவோல். பூனையைவிடச் சின்னது, உடம்பில் வெள்ளைப் புள்ளிகள், கங்காருவுக்குத் தூரத்துச் சொந்தம். கையில் அகப்பட்டதைப் பிடித்துத் தின்னும். தேரையையும் அப்படித்தான் கடித்தது, அதன் விஷத்தில் செத்தது. ககாடு தேசியப் பூங்காவில் தேரை நுழைந்த சில வருடங்களிலேயே குவோலைப் பார்ப்பது அரிதாகிவிட்டது.

குவோல் புதிதாக எதுவும் செய்யவில்லை. காலங்காலமாகச் சரியாக இருந்ததையேதான் செய்தது. கோடில் ஒரு வரிகூட மாறவில்லை, அது ஓடுகிற மெஷின் மாறிவிட்டது. தேரைமேலும் பழி போட முடியாது. அது ஒன்றும் டிக்கெட் எடுத்து வரவில்லை.

2003-இல் 64 குவோல்களைத் தேரை இல்லாத இரண்டு தீவுகளுக்கு மாற்றினார்கள். அங்கே டிங்கோ நாயும் கிடையாது, பூனையும் கிடையாது. நன்றாகப் பெருகின. 13 தலைமுறை கழித்து, 2016-இல், தேரையைத் தொடாதபடி பழக்கிய சில குவோல்களை ககாடுவில் விட்டார்கள். டிங்கோக்கள் வேட்டையாடிவிட்டன. தீவுக் குவோல்களுக்கு டிங்கோ வாசனையைக் கண்டு ஒதுங்கவே தெரியவில்லை. கூண்டில் பிறந்த அவற்றின் குட்டிகளுக்கும் தெரியவில்லை.

அப்படியானால் நாம் காப்பாற்றியது எதை? குவோலின் உடம்பையா, குவோலையா?

தேரையைத் தவிர்க்கப் பழக்கும் முறை கொஞ்சம் கொடூரமானது. செத்த குட்டித் தேரைக்குள் குமட்டல் மருந்தை வைத்துத் தின்னக் கொடுக்கிறார்கள். தின்ற குவோல் நோவுபட்டு, அடுத்த முறை தேரையை விட்டு விலகுகிறது. பழகியவை பழகாதவற்றைவிட அதிக நாள் பிழைத்தன. தீவு கருணை, குமட்டல் கொடுமை என்றுதான் யாருக்கும் தோன்றும். நான் குமட்டலின் பக்கம். அது குவோலை அதன் காட்டிலேயே வைத்திருக்கிறது, காட்டின் மற்ற பயங்களோடு சேர்த்து.

ஆனால் ஒரு சிக்கல். டிங்கோவும் மண்ணின் மைந்தன் இல்லை. மூவாயிரம் வருடங்களுக்கும் முன்பு மனிதர்களோடு வந்தது. அதைப் பற்றிய பயத்தைக் குவோலுக்கு யாரும் மருந்து வைத்துக் கற்றுத்தரவில்லை. பயப்படாதவை செத்தன, பயந்தவை குட்டி போட்டன. தேரை விஷயத்திலும் அப்படியே விட்டுவிடலாமே என்று ஒருவர் கேட்கலாம். கேட்கலாம்தான். டிங்கோவை நாம் கொண்டுவந்து விடவில்லை. தேரைகளை இறக்கியவர்கள் கணக்குப் போட்டு, பெட்டியில் அடைத்து இறக்கினார்கள். அதற்கு இன்னும் 100 வருடம்கூட ஆகவில்லை.