சீதன வீடும் தமையன் கடனும்

மட்டக்களப்பு வாவிக்கும் வங்கக் கடலுக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய மணல் நிலத்தில் வீடுகள் நெருங்கி நிற்கும் ஊர் காத்தான்குடி. அங்கே ஒரு பெண் மகவு பிறந்தால், அவளுக்கொரு வீடு வேண்டுமென்ற கவலையும் உடன் பிறக்கிறது. மணமானபின் பெண் புகுந்த வீட்டுக்குப் போவதில்லை. மாப்பிள்ளையே பெண் வீட்டுக்கு வருகிறார். மகளுக்கு வீட்டைக் கொடுத்துவிட்டு, அதே வளவில் ஒரு சிறு மனைக்குள் ஒதுங்கும் பெற்றோரும் உண்டு. தாய்வழிக் குடிமுறையில் ஊன்றிய இவ்வழக்கம் இப்பகுதித் தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் பொதுவானது.

இதன் நன்மையை மறுப்பது அநீதி. கணவன் கைவிட்டாலும் மாண்டாலும் வீடுள்ள பெண் எளிதில் தெருவுக்கு வருவதில்லை. பெண்ணைப் பிறந்த மனையிலிருந்து பிடுங்கி நடும் சமுதாயங்கள் இதனைக் கண்டு நாண வேண்டும்.

ஆனால், அவ்வீட்டைக் கட்டுபவர் யார்? நெசவும் சிறு வாணிபமும் வாழ்வித்த ஊர் அது. மூன்று பெண்மக்களைப் பெற்ற நெசவாளி மூன்று வீடுகளுக்கு எங்கே போவார்? 1970களின் பிற்பகுதியில் வளைகுடா நாடுகளின் வாசல் திறந்தபின், விடையும் கிடைத்தது: மகன் விமானம் ஏறினான். பாலை வெயிலில் அவன் ஈட்டிய பணம் தங்கையின் சுவராயிற்று. தங்கைமார் கரையேறும் வரை அவன் திருமணம் காத்திருந்தது. பின்னர் அவனே மாப்பிள்ளையாகி, இன்னொரு தமையனின் வியர்வையில் எழுந்த வீட்டில் குடிபுகுந்தான்!

மகன் இல்லாத வீட்டிலோ, வறுமை மிக்க வீட்டிலோ, பெண்ணே புறப்படுகிறாள். அதே கிழக்கு மாகாணத்தின் மூதூரிலிருந்து, வறிய குடும்பத்தைத் தாங்க 2005 ஆம் ஆண்டு சவூதி அரேபியா சென்ற றிசானா நபீக்கை யார் மறப்பர்? அப்போது அவளுக்கு வயது 17. தன் பொறுப்பிலிருந்த குழந்தையின் மரணத்துக்காகக் குற்றவாளியெனத் தீர்க்கப்பட்டு, 2013 ஜனவரி 9 ஆம் நாள் சிரச்சேதம் செய்யப்பட்டாள்.

இவற்றையெல்லாம் 'கடமை' என்னும் ஒரு சொல்லால் மூடிவிடலாமா? தமிழில் 'கடன்' என்பது கடமையையும் குறிக்கும்; பட்ட கடனையும் குறிக்கும். அன்பினால் ஏற்கும் கடமை எங்கே முடிகிறது, பிறர் சுமத்தும் கடன் எங்கே தொடங்குகிறது என்பதே நம் கேள்வி.

தாய்லாந்தின் வடகிழக்குக் கிராமங்களில் மணஞ்செய்து குடியேறிய மேனாட்டார் பலர் திகைப்பதும் இத்தகைய கடனைக் கண்டுதான். அங்கும் மருமகன் பெண் வீட்டுக்கு வருவதே மரபு. இளைய மகள் பெற்றோரைப் பேணி வீட்டைப் பெறுகிறாள். மகன் சில காலம் துறவாடை உடுத்தால் பெற்றோர் கடன் தீரும் என்பர். மகளோ பாங்கொக் சென்று உழைத்துப் பணம் அனுப்புகிறாள். எனினும் ஒரு வேற்றுமை: அங்கே மணப்பணம் கொடுப்பவன் மணமகன், பெறுபவர் பெண்ணின் பெற்றோர். மாப்பிள்ளை வீட்டோடு வரும் வழக்கம் ஒன்றாயிருந்தும் பணம் எதிர்த்திசையில் ஓடுகிறது. அப்படியானால், வீடு கேட்கும் உரிமையை மாப்பிள்ளைக்கு இயற்கை கொடுக்கவில்லை, மனிதரே கொடுத்தனர். கொடுத்தவர் திரும்பப் பெறலாம் அல்லவா?

மஹர் கொடுக்க வேண்டியவன் மணமகன் என்பது இஸ்லாமிய நெறி. 1951 ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம், மணமகனுக்குக் கொடுத்த கைக்கூலியை மீட்க மனைவி காதியிடம் முறையிடவும் இடமளித்தது. ஆயினும் கல்யாணப் பேச்சில் வீடே முதற்பேச்சாகிறது.

அதற்காக, சீதனத்தை ஒழிப்போமென்று பெண்ணின் வீட்டையே பறித்துவிடலாகாது. 2004 ஆம் ஆண்டு ஆழிப்பேரலைக்குப்பின் அரசு தந்த புது வீடுகள் பல 'குடும்பத் தலைவர்' என்ற பெயரில் ஆண்களுக்கே எழுதப்பட்டதையும், தாய்வழி வந்த உரிமையைப் பெண்கள் இழந்ததையும் மட்டக்களப்புக் கரை கண்டது.

ஆகவே வீடு இருக்கட்டும். அது மாப்பிள்ளையின் விலையாக இருக்க வேண்டாம். உறுதி பெண்ணின் பெயரிலேயே இருக்கட்டும். கல்லும் மண்ணும் சுமக்க மணமகனும் தோள் கொடுக்கட்டும். தங்கைக்காகத் தன் இளமையை எரித்தவனுக்கு ஒரு வீட்டின் உண்மை விலை தெரியும். மணப்பேச்சில் அவன் "எனக்கு வேண்டாம்" என்று சொல்லும் நாளில், எங்கோ இன்னொரு தமையன் ஊர் திரும்புவான்.