கைதட்டலும் இருக்கையும்

2011 மகளிர் உலகக் கோப்பை இறுதியாட்டம். கூடுதல் நேரத்தின் 117ஆம் நிமிடத்தில் நடுக்கள வீராங்கனை ஹொமாரே சாவா கோலடித்துச் சமன் செய்தார். பெனால்டியில் ஜப்பான் வென்றது. அந்த முடிவின்போது ட்விட்டரில் வினாடிக்கு 7,196 பதிவுகள். அன்று அது சாதனை.

மறு ஆண்டு லண்டன் ஒலிம்பிக்குக்காக இரு அணிகளும் ஒரே விமானத்தில் கிளம்பின. ஆண்களுக்கு பிசினஸ் வகுப்பு. உலகச் சாம்பியன்களான பெண்களுக்கு அதற்கும் கீழே.

கொண்டாடுவதற்கு விரலசைவு போதும். இருக்கை தருவதற்கு யாரோ பணம் ஒதுக்க வேண்டும். அதனால்தான் பெண்ணுக்குப் புகழ் முதலில் வருகிறது, உரிமை தாமதமாக.

லண்டனில் பெண்கள் வெள்ளி வென்றார்கள், ஆண்களுக்கு நான்காமிடம். ஆனால், தோற்றிருந்தாலும் அந்த இருக்கை அவர்களுக்கு உரியதுதானே? சாதித்தவளுக்கு மட்டுமே சமத்துவம் என்றால் அது பரிசு, உரிமை அல்ல.