பிடி அரிசியும் பெயர்ப்பட்டியும்

வீட்டு ஆண்மகனை ஓட்டிச் சென்றவனே அவன் பிள்ளைகளுக்குப் பிடி அரிசி அளப்பானாயின், அதனை உதவி என்பதா, விலை என்பதா? கெடா நாட்டுத் தோட்டத் தமிழர் இக்கேள்வியை ஏட்டுச் சுரைக்காய் என்று தள்ளிவிட இயலாது.

1942 முதல் 1945 வரை மலாயா ஜப்பானியர் கையில் இருந்தது. சயாம் பர்மா ரயில் பாதைக்கு ஆள் சேர்த்தபோது, நாளுக்கு ஒரு வெள்ளி, சாப்பாடு, வைத்தியம், மூன்றே மாதம் என்று ஆசை காட்டினார்கள். மசியாதவரை லாரியில் ஏற்றினார்கள். மலாயாவினின்று 70,000க்கு மேற்பட்டோர் சென்றனர், பெரும்பாலோர் தமிழர். வீட்டில் எஞ்சியோர்க்குப் பங்கீட்டு அரிசி நாளுக்கு நாள் குறைந்து, மரவள்ளிக்கிழங்கே சோறாயிற்று.

அரிசிக்கும் பெயர் வேண்டும். ஆள் பிடிக்கவும் பெயர் வேண்டும். இரண்டுக்கும் பெயர்கள் இருந்த இடம் கிராணியின் செக்ரோல். எழுதுகோல் பாவ புண்ணியம் அறியாது என்று எங்கள் தொழிலில் சொல்லிக்கொள்வதுண்டு. எழுதுகிறவன் அறிவான் அல்லவா?

1943 அக்டோபரில் பாதை முடிந்தது. அதே மாதம் கெடாவைச் சயாமுக்குத் தாரை வார்த்தார்கள். கணவன் எங்கே என்று கேட்கப் புறப்பட்ட பெண் எந்தச் சர்க்காரின் வாசலில் நிற்பாள்? எதேச்சாதிகாரம் சில வேளை சோறும் போடும். ஆனால் ஏன் குறைத்தாய், ஏன் நிறுத்தினாய் என்று அதனைக் கேட்க முடியாது. கேட்க முடியாத சோறு பிச்சையே.

ஆளை எடுக்கும்போது பெயரைத் தேடிய ஆட்சிக்கு, ஆள் மாண்டபோது பெயர் எழுதத் தோன்றவில்லை. நேச நாட்டுச் சிப்பாய்களுக்குக் காஞ்சனபுரியில் பெயர் பொறித்த கற்கள் உண்டு. 1951 சான் பிரான்சிஸ்கோ உடன்படிக்கையின் 16ஆம் பிரிவும் யுத்தக் கைதிகளான அச்சிப்பாய்களையே கருதிற்று, கூலியாளை அன்று. 1967இல் ஜப்பான் மலேசியாவுக்கு 25 மில்லியன் வெள்ளி தர இசைந்தது. அது இரண்டு கப்பல்களாக வந்தது. கைம்பெண் கப்பலை வைத்து என்ன செய்வாள்?

1969ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டம் வேறு வகை. தொழிலாளி இறந்தால், கட்டிய சந்தாவைக் கொண்டு, மனைவி மக்களுக்கு மாதந்தோறும் பணம் வருகிறது. அப்பணத்தைக் கேட்டு வாங்கலாம், மறுத்தால் வழக்காடலாம். இதனையும் "சர்க்கார் தயவு" என்போர் சுங்கைப் பட்டாணிப் பக்கத்தில் இன்றும் உண்டு. "உங்கள் வீட்டுக்காரர் உழைத்துக் கட்டிய பணம், அம்மா" என்றால் நம்புவதில்லை. பாரத்தில் கையெழுத்திடுமுன் மானேஜரைக் கும்பிடப் போகிறார்கள்.