சிறுத்தொண்டர் என்று ஏன் பெயர்?

வழக்கமாக நாம் இப்பக்கங்களில் எழுதுவது வருமான வரியைப் பற்றித்தான். இம்முறை ஆசிரியர் குழுவினர் "வரியை விட்டு வேறு ஏதாவது எழுதுங்கோ" என்று கேட்டுக்கொண்டதால் இக்கட்டுரை. ஆயினும் வரி முற்றாக விட்டுப்போகாது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறோம்.

சென்ற ஐப்பசியில் ஒரு மாலை வேலையால் வந்து சப்பாத்தைக் கழற்றிக்கொண்டு நின்றபோது, மாடிப்படியில் இருந்து ஒரு கறுத்த உருவம் எம்முன்னே குதித்தது. கண் இரண்டும் மட்டும் தெரிந்தன. முதுகில் பிளாஸ்டிக் வாள். ஹலோவீன் இரவுக்காக எமது இளைய மகனுக்கு அவன் அம்மா 30 டொலர் கொடுத்து வாங்கிய நிஞ்சா உடுப்பு அது. உண்மையான நிஞ்சாக்கள் இப்படிக் கறுப்பு உடுத்தித் திரியவில்லை என்றும், ஜப்பானிய நாடக மேடையில் இருந்து வந்த வழக்கம் அது என்றும் சொல்லுவார்கள். அதை அவனிடம் சொல்லி 30 டொலரை வீணாக்க நாம் விரும்பவில்லை.

அவன் பார்க்கும் கார்ட்டூனில் ஒரு நிஞ்சா வருகிறான். கண்டதையெல்லாம் வெட்டுகிறவன். கடைசியில் ஒரு கிழவர் அவனுக்கு உண்மையான பலம் கையில் இல்லை, மனதில் இருக்கிறது என்று சொல்லிக் கொடுக்கிறார். அவனும் உடனே விளங்கிக் கொள்கிறான். விளம்பரங்களைக் கழித்தால் எல்லாவற்றுக்குமாக 22 நிமிடம். சிரித்துவிட்டுப் போகலாம்தான். ஆனால் ஜப்பானியர் அச்சொல்லின் முதல் எழுத்தை எப்படி எழுதுகிறார்கள் என்று பார்த்தால் சிரிப்பு நின்றுவிடும். இதயம் என்ற குறியின் மேலே வாளின் கூர் என்ற குறியை வைத்து எழுதுகிறார்கள். அதற்கு ஒளிந்திருத்தல் என்றும் பொருள், பொறுத்திருத்தல் என்றும் பொருள்.

"அப்பா, எங்கட ஆக்களிலயும் நிஞ்சா இருந்தவையோ?" என்று கேட்டான் மகன்.

"நிஞ்சா இல்லை. ஆனா ஒரு பெரிய சேனாபதி இருந்தவர். பரஞ்சோதி எண்டு பேர்."

அன்றிரவு கதை சொன்னோம். அன்பர்களில் பலருக்குப் பரஞ்சோதியைக் கல்கியின் மூலம் தெரிந்திருக்கும். 1940களில் வெளிவந்த 'சிவகாமியின் சபத'த்தில், மதம் கொண்ட யானையின் மேல் வேலெறியும் இளைஞனாக அவர் காஞ்சிக்குள் நுழைகிறார். அது நாவல். சேக்கிழார் 12ஆம் நூற்றாண்டில் சொல்லும் பரஞ்சோதியார் சோழநாட்டுத் திருச்செங்காட்டங்குடியில் மாமாத்திரர் குலத்தில் பிறந்தவர், மருத்துவ நூலும் வடநூலும் படைக்கலத் தொழிலும் ஒருங்கே கற்றவர். உயிரைக் காக்கும் வித்தையையும் எடுக்கும் வித்தையையும் ஒருவரே படித்தார் என்பது எமக்கு எப்போதும் வியப்பு. அவர் மன்னனுக்காக வடக்கே படை நடத்தி வாதாபியைத் துகளாக்கி, மணிகளும் யானைகளும் குதிரைகளுமாகக் கொண்டு வந்தார். அம்மன்னன் முதலாம் நரசிம்மவர்ம பல்லவன் என்பதும், ஆண்டு 642 என்பதும் வரலாற்றாசிரியர் கண்ட முடிவு. கச்சேரியின் தொடக்கத்தில் நாம் கேட்கும் தீட்சிதரின் வாதாபி கணபதியை அங்கிருந்து கொண்டுவந்தவரும் இவரே என்பது மரபு. பழைய ஆவணம் எதிலும் அது இல்லை. பாட்டு இனிமையானது, அது போதும்.

மகன் வாய் பிளந்து கேட்டான். வாதாபிக் கோட்டை வீழ்ந்த இடத்தில் கட்டிலில் எழுந்து நின்று வாளைச் சுழற்றினான். பிறகு நடந்ததையும் சொன்னோம். அமைச்சர்கள் மன்னனிடம், இவர் சிவனடியார், அதனால் இவரை எதிர்க்க ஒருவராலும் முடியாது என்கிறார்கள். பாராட்டிக்கொண்டிருந்த மன்னன் நடுங்கிப் போகிறான். ஓர் அடியாரையா கொலைக்களத்துக்கு அனுப்பினோம் என்று அவரிடம் மன்னிப்புக் கேட்டு, பொருள் கொடுத்து, போர்த்தொழிலில் இருந்து விடுவிக்கிறான். அவர் ஊருக்குத் திரும்பி, கோயிலுக்குத் தொண்டு செய்து, அடியார்களுக்குச் சோறிட்டு வாழ்கிறார். அவர்கள் முன் தம்மைச் சிறியவராக வைத்துக்கொண்டதால் சிறுத்தொண்டர் என்று பெயர் வருகிறது.

மகன் வாளைக் கீழே வைத்தான். "அவர்தானே வெண்டவர்? பிறகேன் 'சிறு'?"

எமக்கு உடனே பதில் வரவில்லை. சிறுத்தொண்டரின் பிற்பகுதியை, பைரவக் கோலத்தில் வந்த அடியார் பிள்ளைக் கறி கேட்ட பகுதியை, அன்று சொல்லவில்லை. ஒன்பது வயதுப் பிள்ளையின் கட்டிலில் இருந்து சொல்லக்கூடிய கதையல்ல அது. பெரியவர்களான நாமே அதை எப்படி வாங்கிக் கொள்வது என்று தெரியாமல் திருவமுது, திருவருள் என்று வேகமாகக் கடந்துபோகிறோம்.

மகனின் கேள்வியில் இன்னொன்றும் இருக்கிறது. வாதாபியில் நடந்ததற்காகப் பரஞ்சோதியார் வருந்தினார் என்று சேக்கிழார் எங்கும் சொல்லவில்லை. வருந்தியவர் என்று நாம் சட்டென்று காட்டக்கூடியவர் அசோகர். கலிங்கத்தில் 1 இலட்சம் பேர் கொல்லப்பட்டனர், ஒன்றரை இலட்சம் பேர் பெயர்த்துக் கொண்டுபோகப்பட்டனர் என்று தம் குற்றத்தைத் தாமே கணக்கிட்டுக் கல்லில் வெட்டுவித்தார் அவர். கணக்குத் தொழிலில் இருப்பவர்களுக்கு அது ஒரு மகத்தான ஐந்தொகை. ஆனால் கலிங்க மண்ணிலேயே உள்ள தௌலியிலும் ஜௌகடாவிலும் அந்தப் 13ஆம் சாசனம் இல்லை, அதற்குப் பதில் வேறு சாசனங்கள் உள்ளன. உலகம் முழுவதற்கும் சொன்ன வருத்தத்தை அடிபட்டவர்களின் முகத்துக்கு நேரே சொல்லவில்லை. அரச காரணங்கள் இருந்திருக்கும். எமக்கு அது உறுத்துகிறது.

ஆகவே வருத்தத்தை விட்டுவிட்டு வாதாபியின் கணக்கையே மேலே எழுதிப் பார்த்தோம். வாதாபி ஏன் எரிந்தது? சாளுக்கியன் இரண்டாம் புலிகேசி பல்லவநாட்டில் புகுந்து மகேந்திரவர்மனைக் காஞ்சி மதிலுக்குள் ஒடுங்கச் செய்தான். 634ஆம் ஆண்டு ஐஹொளேக் கல்வெட்டு அதைப் பெருமையாகப் பாடுகிறது. மகேந்திரனின் மகன் அதற்கு 642இல் பதில் எழுதினான், வாதாபிப் பாறையிலேயே தன் கல்வெட்டையும் விட்டு வந்தான். புலிகேசியின் மகன் முதலாம் விக்கிரமாதித்தன் காஞ்சியைப் பிடித்து, மாமல்லனின் குலத்தை அடக்கியதாக 674இல் செப்பேடு வெளியிட்டான். பல்லவர் பெருவளநல்லூரில் மறுபடி வென்றார்கள். எமது தொழிலில் பற்று ஒருபக்கம் எழுதினால் வரவு மறுபக்கம் எழுத வேண்டும், அப்போதுதான் கணக்கு நேராகும். பழிவாங்கும் கணக்கில் இரு பக்கத்தாரும் பற்று மட்டுமே எழுதுகிறார்கள். புத்தகம் நிரம்புமே தவிர நேராகாது.

வாதாபி வீழ்ந்து ஏறக்குறைய நூறு ஆண்டுகள் கழித்து, அந்தக் குலத்திலேயே வந்த இரண்டாம் விக்கிரமாதித்தன் காஞ்சிக்குள் வெற்றியோடு நுழைந்தான். தன் முன்னோரின் தலைநகரைத் துகளாக்கியவர்களின் தலைநகரில் தன் படையோடு நிற்கிறான், தடுக்க ஒருவரும் இல்லை. அவன் செய்ததை அவன் மகன் கீர்த்திவர்மன் காலத்துச் செப்பேடுகள் சொல்லுகின்றன: நகரை அழிக்கவில்லை. அந்தணருக்கும் ஏழைகளுக்கும் கொடுத்தான். இராசசிம்மன் கட்டிய கோயிலின் பொற்குவியலை அக்கோயிலுக்கே திருப்பிக் கொடுத்தான். இதைச் சாளுக்கியரின் தற்புகழ்ச்சி என்று தள்ளிவிட முடியாது. காஞ்சிக் கைலாசநாதர் கோயில் தூண் ஒன்றில் அவனுடைய கன்னடக் கல்வெட்டு இன்றும் இருக்கிறது. பல்லவர் மறுபடி வந்த பின்னும் அதை ஒருவரும் செதுக்கி அழிக்கவில்லை.

அவனை மகானாக்க வேண்டாம். அவன் யாத்திரை வரவில்லை, போருக்குத்தான் வந்தான். பல்லவனின் போர் வாத்தியங்களையும் கொடியையும் யானைகளையும் மாணிக்கங்களையும் கொண்டு போனான் என்று அதே செப்பேடுகள் சொல்லுகின்றன. அவனுடைய அரசி லோகமகாதேவி, மூன்று முறை காஞ்சியை வென்ற நினைவாகப் பட்டடக்கல்லில் எடுத்த கோயில் காஞ்சிக் கைலாசநாதர் கோயிலின் சாயலில் நிற்கிறது. எமக்குப் பிடித்தது, அவன் பிரித்துப் பார்த்த விதம். அரசனுடையது வேறு, கோயிலுடையது வேறு. எதிரியின் ஊரில் இருப்பதெல்லாம் எதிரி அல்ல என்று, கோபத்தோடு வந்த இடத்தில் நின்று அவனால் பிரிக்க முடிந்தது. பலம் என்று அதைத்தான் சொல்லத் தோன்றுகிறது. கார்ட்டூன் கிழவர் சொல்வது போல இது மனதுக்குள் மட்டும் இருக்கிற ஒன்றல்ல. எடுத்த பொன்னை எண்ணி மீளக் கொடுக்கிற வேலை.

இனி வரி. 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு மழையில் வலிகாமத்துச் சனம் முழுவதும் நாவற்குழிப் பாலத்தைக் கடந்தபோது எமக்கு 15 வயது. அடுத்த சித்திரையில் திரும்பி வந்தோம். பள்ளிக்கூடத்துக்கும் பின்னர் பல்கலைக்கழகத்துக்கும் போகிற வழியில் ஒரு சோதனைச் சாவடி இருந்தது. அங்கே நின்ற ஒருவர் ஒருநாள் எம்மை வெயிலில் முழந்தாளில் இருத்தி, சைக்கிளைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடிக்கச் சொன்னார். எவ்வளவு நேரம் என்று தெரியாது, மணிக்கூட்டைக் கழற்றி வாங்கியிருந்தார். அன்றிலிருந்து நெடுநாள் பலம் என்றால் எமக்கு ஒரே பொருள்தான். அந்த மனிதனை ஒருநாள் எம் முன்னே முழந்தாளில் காண்பது.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் மாசி மாதம், நியூ ஜெர்சியில் எமது அலுவலகத்துக்கு ஒரு சிங்களவர் வந்தார். பெற்றோல் நிலையத்தில் இரவு வேலை, இரண்டு பிள்ளைகள். பழைய ஆண்டுகளின் வரி விண்ணப்பப் பிரதிகளையும் ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுக் கொண்டு வந்திருந்தார். நாம் யாழ்ப்பாணம் என்று அறிந்ததும் முகம் மலர்ந்து, தாமும் 1997இல் அங்கே கடமையில் இருந்ததாகவும் கொஞ்சம் தமிழ் தெரியும் என்றும் ஆங்கிலத்தில் சொன்னார். என்ன தெரியும் என்று கேட்டோம். அவர் யோசித்து யோசித்துச் சொன்னார்: "நில்லு. இறங்கு. அடையாள அட்டை. போ."

அவர் வேறு யாரோ. எமது சாவடியில் நின்றவர் அல்ல என்று நினைக்கிறோம். கேட்கவில்லை. அவருக்கு அச்சொற்களில் ஒன்றும் தெரியவில்லை. எமது முதுகு வியர்த்துவிட்டது.

அவர் போன பின் பழைய பிரதிகளைப் புரட்டினோம். தாமாகவே நிரப்பி அனுப்பியவை. குறைந்த வருமானத்தில் பிள்ளைகளோடு உழைப்பவர்களுக்கு அரசு கொடுக்கும் வரவு ஒன்று உண்டு. மூன்று ஆண்டும் அவர் அதைக் கேட்கவே இல்லை. திருத்திய விண்ணப்பம் போட்டால் 9,000 டொலருக்கு மேல் வரும். மூன்றாண்டுக்குள் கேட்க வேண்டும். முதலாம் ஆண்டின் தவணை அந்த ஏப்ரல் 15இல் முடிகிறது. எமக்குத் தரப்பட்ட வேலை அவ்வாண்டு விண்ணப்பம் மட்டும். பேசாமல் விட்டால் ஒருவருக்கும் தெரியப்போவதில்லை.

கோப்பை மேசை லாச்சிக்குள் வைத்துப் பூட்டினோம். இரண்டு நாள் திறக்கவில்லை. நேரமில்லை என்று எமக்கே சொல்லிக்கொண்டோம். நேரம் இருந்தது.

காஞ்சியை நினைத்துத் திறந்தோம் என்று எழுதினால் பொய்யாகும். அந்தச் செப்பேட்டுச் செய்தியையே அதன் பின்தான் படித்தோம். இரண்டாம் இரவு மனைவியிடம் சொன்னபோது அவர் பாத்திரம் கழுவியபடி, "அது அந்தாளின்ர பிள்ளையளின்ர காசெல்லே, உங்கட காசே?" என்றார். அவ்வளவுதான். மறுநாள் காலை தொலைபேசியில் அழைத்தோம். அவர் நம்பவில்லை, ஏதோ ஏமாற்று என்று நினைத்தார். மூன்று விண்ணப்பங்களையும் திருத்தி அனுப்பினோம், கட்டணமும் வாங்கினோம். எமது மனதில் இருந்த வெயில் அன்றோடு தணிந்ததா என்று கேட்டால், இல்லை.

இந்த ஆண்டு சித்திரைப் புத்தாண்டுக்கு அடுத்த நாள், வரி முடிகிற அந்த அமளிக்குள், அவர் மறுபடி வந்தார். வாழையிலை விரித்த ஒரு தகரப் பெட்டியில் கவுமும் கொக்கிசும். "அம்மே செய்தது" என்றார், இப்போது கற்றுக்கொண்ட தமிழில். அவருடைய தாயார் ஊரில் இருந்து வந்திருக்கிறாராம். பெட்டியை வீட்டுக்குக் கொண்டுபோய் மேசையில் வைத்தோம். எமக்குக் கை போகவில்லை. மகன் வந்து இரண்டு கொக்கிசை எடுத்துக் கடித்துவிட்டு, யார் தந்தது என்று கேட்டான். வேலைக்கு வாற ஒருவர் என்றோம்.

"இன்னும் இருக்கோ?" என்றான்.