சுமைக்கு ஒரு மாற்று வழி

1968 மே 16. கிழக்கு லண்டனில் ரோனன் பாயின்ட் என்ற 22 மாடிக் குடியிருப்பு. பதினெட்டாம் தளத்தில் ஒரு பெண்மணி விடிகாலைத் தேநீருக்கு அடுப்பைப் பற்றவைக்க, கசிந்திருந்த எரிவாயு வெடித்தது. பெரிய வெடிப்பென்று சொல்ல முடியாது. அடுப்பருகே நின்ற அவரே பிழைத்துக்கொண்டார். ஆனால் மூலைச் சுவர் பெயர்ந்து வெளியே போனது. அதை நம்பி நின்ற மேல்தளங்கள் விழுந்தன. விழுந்த வேகத்தில் கீழ்த்தளங்களையும் இழுத்துச் சென்றன. நால்வர் இறந்தார்கள். அன்றாடச் சுமைக்கு அந்தச் சுவர் போதுமானதுதான். அது இல்லாமல் போனால் சுமை எங்கே போகும் என்று எவரும் யோசித்திருக்கவில்லை.

நியூயார்க் உலக வர்த்தக மையத்தின் இரட்டைக் கோபுரங்களில், வடக்குக் கோபுரத்தில் அந்த யோசனை இருந்தது. 2001 செப்டம்பர் 11 காலை 8.46க்கு விமானம் மோதியபோது வெளிச்சுவரின் முப்பதுக்கும் மேற்பட்ட எஃகுத் தூண்கள் அறுந்தன, கோபுரம் நின்றது. ஏறக்குறைய மீட்டருக்கு ஒன்றாக நெருங்கி நின்ற தூண்களை ஒவ்வொரு தளத்திலும் அகலமான எஃகுப் பட்டைகள் பிணைத்திருந்தன. பல்லக்குத் தூக்குபவர் ஒருவர் இடறினால் பக்கத்துத் தோள்கள் ஏற்றுக்கொள்ளுமே, அப்படி ஓட்டையின் இருபுறமும் பாரம் இறங்கியது. உச்சியில் ஆன்டெனாவுக்காகப் போட்ட எஃகுச் சட்டகமும் தன் பங்குக்குச் சுமந்தது.

பிறகு தீ. எஃகின் தீக்காப்புப் பூச்சை மோதலே உதிர்த்துவிட்டிருந்தது. சூட்டில் தொய்ந்த தளங்கள் வெளித்தூண்களை உள்ளே இழுக்க, 102 நிமிடம் தாங்கிய கோபுரம் சரிந்தது. இதைத் தோல்வி என்று எழுத எனக்குக் கை வரவில்லை. மோதிய தளங்களுக்குக் கீழே இருந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் அந்த நேரத்தில்தான் படியிறங்கித் தப்பினார்கள். அமைதியான நாளில் கணக்கர் கண்ணுக்கு வீண்செலவாகத் தெரியும் அந்த உபரித் தூணும் உபரிப் பிணைப்பும்தான் கட்டடத்தின் வலிமை. தனித்த ஒரு தூண் எவ்வளவு பருத்திருந்தாலும் அதற்கு ஈடாகாது.

மேலே இருந்தவர்கள்? வடக்குக் கோபுரத்தின் மூன்று மாடிப்படிகளும் நடுவில் அருகருகே இருந்தன. ஒரே மோதலில் மூன்றும் அடைபட்டன. மேலிருந்த ஒருவரும் மீளவில்லை. சுமைக்கு மாற்று வழி வைத்த கட்டடம் மனிதருக்கு வைக்கவில்லை. தெற்குக் கோபுரத்தில் விமானம் மோதிய பகுதியில், லிஃப்ட் எந்திரங்களுக்கு இடம் விடவேண்டி, படிகள் ஒன்றைவிட்டு ஒன்று தள்ளி அமைந்திருந்தன. அவற்றில் ஒன்று பிழைத்தது. மோதிய தளங்களிலும் அவற்றுக்கு மேலும் இருந்தவர்களில் 18 பேர் அதன் வழியே இறங்கி வந்தார்கள்.